பினாங்கில் குடியிருந்த எங்கள் ஊர்

அறுபதுகளின் கடைசியில் நான் அமெரிக்காவில் இருந்தேன், பெரும்பாலும் பிற்பகல்களில். நான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்துக்கு வழவழப்பான அமெரிக்கப் புத்தகம் ஒன்று இனாமாக வந்திருந்தது. பிள்ளைகள் கணக்குப் போட, நான் அதைப் படிப்பேன்.

அங்கே சில மாநிலங்களில் நாலு தெரு ஜனம் மனுக்கொடுத்து, ஓட்டுப்போட்டு, தங்களைச் சட்டப்படி ஒரு கிராமமாகப் பதிவு செய்துகொள்ளலாமாம். பிறகு அதற்கென்று ஒரு மேயர், சின்னதாக ஒரு சபை, சொந்தத் தெருவிளக்கு. பக்கத்து நகரம் வாயைத் திறந்தாலும் சுலபத்தில் விழுங்கமுடியாது. ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். வெயிலில் மிதக்கும் எங்கள் நீண்ட வீதியில் தொப்பி வைத்த மேயர் ஒருவர் மெல்ல நடந்து போவார். முகம் என்னுடையது.

அந்த நேரம் பார்த்து, ஜனத்தொகை போதாதென்று எங்கள் பஞ்சாயத்தைப் பக்கத்து டவுன் பஞ்சாயத்தோடு சேர்க்கப்போவதாகக் காகிதம் வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் வெள்ளாமை பார்க்கும் ஒரு சம்சாரி. ஊருக்குக் குடிதண்ணீர்த் தொட்டி கேட்டு வருஷக்கணக்காக அலைந்து, அப்போதுதான் அனுமதி வாங்கியிருந்தார். சேர்த்துவிட்டால் தொட்டி டவுனுக்குப் போய்விடும்.

"கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க வாத்தியாரே. நீங்கதான் படிச்சவுக."

"அமெரிக்காவிலே பாத்தீகன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"அங்குட்டெல்லாம் போகவேணாம். மதுரையத் தாண்டாம எழுதுங்க."

தாண்டினேன். மேயர், சபை எல்லாம் மனுவில் வந்தன. ஜனத்தொகை எழுதவேண்டிய இடத்தில், செட்டிநாட்டு நகரத்தார் வீட்டுப் பிள்ளையான எனக்குத் தெரிந்தது ஒரே வழி: புள்ளி. எங்களில் கலியாணமான ஒவ்வொருவரும் ஊர்க்கோயிலுக்கு ஒரு புள்ளி. தொழிலுக்குப் போய்ப் பினாங்கில் இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும் புள்ளி இங்கேதான். கோயில் பட்டியலைப் பார்த்து, பிள்ளைகுட்டிகளையும் கூட்டி எழுதினேன். பொய் சொல்கிறோம் என்று துளியும் தோன்றவில்லை.

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். தலைவரும் நானும் அவரோடு வீதியில் நடந்தோம். பூட்டு, அடுத்தும் பூட்டு. ஒரு வீட்டில் மட்டும் காவலுக்கிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"இந்த வீட்டுல எத்தனை பேரும்மா?"

"பதினெட்டுப் பேருங்கய்யா."

அதிகாரி முகம் மலர்ந்தது. "எங்க, கூப்பிடுங்க."

"பினாங்குல இருக்காக. கலியாணம் காச்சின்னா வருவாக."

"பக்கத்து வீடு?"

"அவுக கொழும்பு."

அதிகாரி மனுவை மடித்தார். "ஊரு பெருசுதான். தண்ணி குடிக்க ஆளு வேணுமே."

"இங்குட்டு வாங்கய்யா" என்று தலைவர் அவரைத் தெற்குத் தெருக்களுக்கு இழுத்துப் போனார். பொதுக் கிணற்றைச் சுற்றிக் குடங்களோடு பெண்கள். தண்ணீர் ஊறக் காத்திருந்தார்கள்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "இவுகளையெல்லாம் எழுதினீகளா, இல்லையா?"

எழுதவில்லை. அவர்கள் எந்தக் கோயில் பட்டியலிலும் இல்லை.

குடத்தோடு நின்ற ஒருத்தி சொன்னாள்: "நாங்க எந்தச் சீமைக்குப் போனோம்? இங்கதானே கெடக்கோம்!"

அதிகாரி சிரிக்கவில்லை. கிணற்றுச் சுவரில் மனுவை விரித்து, அதன் பின்பக்கத்தில் வீட்டுக்கு வீடு பெயர் எழுதச் சொன்னார். அவர்கள் சொல்லச்சொல்ல எழுதினேன். தாள் போதவில்லை.

ஊர் தனியாகவே நின்றது. தொட்டியைத் தெற்கே, கிணற்றுக்குப் பக்கத்தில் கட்டினார்கள். எங்கள் வீதிக்கு எப்போது குழாய் என்று தலைவரிடம் கேட்டேன்.

"பொறுங்க வாத்தியாரே. புள்ளியெல்லாம் வந்து எறங்கட்டும்."