லென்ஸை மூடிய கை

கிழக்குத் தாம்பரத்தில் நடந்த வலைப்பதிவர் கூட்டத்தில், நான் போன ஊர்களைப் பற்றிப் படங்களோடு பேச வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். மேடையில் தடுமாறக் கூடாது என்று முதல் நாளே ஒத்திகைக்குப் போனேன்.

அரங்கில் புரொஜெக்டர் இயக்குபவர் மட்டும் இருந்தார். காதில் பென்சில் செருகியிருந்தார். நான் திரையைப் பார்த்து வாசித்தால் உடனே உள்ளங்கையால் லென்ஸை மூடிவிடுவார்.

"கையை எடுங்கண்ணா."

"படிச்சிகினே கீறியே. நீ போன ஊருதான?"

என்னைக் கேலி செய்கிறாரோ என்று தோன்றியது. அருவிப் படம் வந்தபோது, "இது நீ எடுத்ததா?" என்றார்.

"ஆமா."

அது இணையத்திலிருந்து எடுத்த படம். நான் போனபோது அருவியில் தண்ணீரே இல்லை. அவர் என்னை நம்பியதாகத் தெரியவில்லை; எல்லார் முன்னாலும் போட்டுக்கொடுத்துவிடுவாரோ என்று இரவெல்லாம் பயந்தேன்.

மறுநாள் சரியாக அந்தப் படத்தில் திரை இருண்டது.

"பல்பு சூடாயிடிச்சும்மா, நீ பேசு" என்றார் பின்னாலிருந்து.

வேறு வழியின்றி, காய்ந்த பாறையில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் தின்றுவிட்டுத் திரும்பிய கதையைச் சொன்னேன். அரங்கே சிரித்துக் கைதட்டியது. அடுத்த படத்துக்கு வெளிச்சம் வந்துவிட்டது.

"பல்பு நெசமாவே சூடாச்சாண்ணா?" என்று பிறகு கேட்டேன்.

"பழசு. மாத்தணும்."

லென்ஸின் சூட்டில் சிவந்திருக்கிறதா என்று அவருடைய உள்ளங்கையைப் பார்க்க முயன்றேன். ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த கையை அவர் நிறுத்தவே இல்லை.