காலி வண்டிக்கு நோயில்லை

எங்கள் லோடு வண்டிக்கு வயதாகிவிட்டது என்று மகன் சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்கும்தான் வயதாகிவிட்டது, நான் என்ன நடுரோட்டிலா நிற்கிறேன்? பீங்கான் சூளையில் ஜாடிக்கு மெருகு பூசிச் சம்பாதித்து நான் வாங்கிய வண்டி அது. கையெழுத்துப் போடவும் பஸ்ஸில் ஊர்ப்பெயர் படிக்கவும் மட்டும் தெரிந்த ஒருத்தி வாங்கினாள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்க மாட்டேன்.

வண்டியின் கோளாறுதான் விசித்திரம். திட்டக்குடிக் கடைகளுக்கு ஊறுகாய் ஜாடி ஏற்றிப் போகும்போது திடீரென்று ஹாரன் ஊமையாகும், விளக்கு அணையும், இஞ்சினும் அடங்கிவிடும். பியூஸ் கருகியிருக்கும். வேறு போட்டால் கொஞ்ச தூரத்தில் அதுவும் போகும். சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு இதைக் கயிறு கட்டி இழுத்து வருவோம். எலக்ட்ரீஷியன் பாய் புது பியூஸ் போட்டுச் சாவியைத் திருப்பினால் எல்லாம் ஒழுங்காக எரியும். பேட்டரி மாற்றினார், சுவிட்சு மாற்றினார். அடுத்த லோடில் மறுபடியும் நிற்கும்.

கடைசியில் மகன் கம்மாபுரத்தில் ஒருவரிடம் விலை பேசிவிட்டு வந்தான்.

“வெள்ளிக்கெழம வந்து எடுத்துக்கறேன்னாரும்மா. தொல்ல வுட்டுது.”

“அப்பறம் ஜாடி எதுல போவும்? உன் தலையிலயா?”

“வாடகைக்கு வண்டி கெடைக்காதா?”

வாடகை வண்டிக்காரனுக்கு ஜாடியும் செங்கல்லும் ஒன்று. பள்ளம் பார்த்து ஓட்ட மாட்டான். வண்டி போனால் பின்னாலேயே தொழிலும் போகும் என்று எனக்குத் தெரிந்தது.

காலி வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன். திட்டக்குடியிலிருந்து திரும்பும்போது இது ஒரு நாளாவது நின்றதுண்டா? இல்லை. அதே ரோடு, அதே பள்ளம். பாய் கடையிலும் கோளாறு காட்டாது. பீங்கானோடு வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது எங்கள் ஊரில் யாரும் செய்யாத காரியம். ஒரு குலுக்கலில் பாதிச் சரக்கு சில்லாகிவிடும். அதனால் எப்போதும் இறக்கிவிட்டுத்தான் பாயிடம் கொண்டுபோவோம். அப்படியென்றால், பாரம் ஏறிய இந்த வண்டியை அவர் பார்த்ததே இல்லை.

எங்கள் சூளைக்குப் பின்னால் விரிசல் விட்ட ஜாடிகள் குவிந்து கிடந்தன. அவற்றை ஏற்றச் சொன்னேன். வழியில் நின்றால் சரக்கோடு இழுத்துப் போகலாம், இனி உடைய என்ன இருக்கிறது? பக்கத்துச் சூளைக்காரி வாயில் கைவைத்துச் சிரித்தாள்.

“என்னாக்கா, ஒடஞ்சதயும் திட்டக்குடிக்கு அனுப்புற?”

“நீ வாங்கறேன்னு சொல்லு, உன் வூட்டுலயே எறக்கறேன்.”

கடைக்குக் கொண்டுபோனதும் பாயும் வண்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “துபாய்ல எத்தினியோ வண்டி பாத்தேம்மா, ஓட்ட ஜாடியோட ஒண்ணும் வரல. எறக்கிட்டு வாங்க.”

“எறக்கிப் பாத்தது போதும் பாய். எறக்காம பாருங்க.”

அவர் பியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பை மாட்டினார். அது எதற்கு என்று கேட்டேன்.

“ஒயரு எங்கியாவது இரும்புல பட்டா இது பளிச்சுனு எரியும்மா.”

பிறகு மகனைப் பின்னால் ஏறிக் குதிக்கச் சொன்னார். அவன் குதிக்கும்போதெல்லாம் பல்பு பளிச்சென்று மின்னியது. எனக்கு ஆசை தாங்கவில்லை. முட்டிவலியோடு குனிந்து அடியில் பார்த்தேன். பாய் டார்ச்சு அடித்துக் காட்டினார். ஒயர்க்கட்டைப் பிடித்திருந்த கிளிப் கழன்று, கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பாரம் ஏறித் தளம் தாழும்போது அது கீழேயிருக்கும் இரும்புப் பட்டையில் மாட்டி நசுங்குகிறது. அங்கே தோல் தேய்ந்து செம்பு தெரிந்தது. பாரம் இறங்கினால் தளம் உயர்ந்துவிடும், ஒயரும் தப்பித்துவிடும்.

பாய் டேப் சுற்றி, ரப்பர் குழாய் மாட்டி, ஒயரை மேலே தூக்கிக் கட்டினார். மகன் குதித்தான். பல்பு மின்னவில்லை.

“இன்னொரு தரம் குதி.”

“எம்மா, நான் என்னா கொரங்கா?”

இறங்கியதும் அவனே கம்மாபுரத்துக்குப் போன் போட்டான். “வண்டி சரியாயிடுச்சுண்ணே, குடுக்கல.” அந்தப் பக்கம் பேச்சு நீண்டது. மகன் போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“ஓடுற வண்டின்னா மேல போட்டுத் தரேங்கறாரு.”

“ஓடுற வண்டிய எவ விப்பா? வைடா போன.”

வெள்ளிக்கிழமை வைக்கோல் பரப்பி நல்ல ஜாடிகளை ஏற்றினோம். நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். திட்டக்குடி வரைக்கும், ஆளில்லாத இடத்தில்கூட, ஹாரனை அடிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே போனேன்.