அம்மா கூப்பிடாத பெயர்

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. தொண்ணூற்றிரண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் மகள் பிறந்ததும் அம்மாவிடம், "ஒன் பேரைத்தாம்மா வைக்கப்போறேன், சீனியம்மாள்" என்றேன். பூரித்துப்போவாள் என்று எதிர்பார்த்தேன்.

அம்மா பதறிவிட்டாள். "வேண்டாம்லே. மாமியா பேரை ஒம் பொண்டாட்டி எப்படி வாய்விட்டுச் சொல்லுவா?"

"அதெல்லாம் அந்தக் காலம்மா" என்று சிரித்தேன்.

"சிரிக்காதலே. ஒனக்கு எங்க மாமனாரு பேரை வச்சாக. இந்த இருபத்தாறு வருசத்துல ஒரு நாளாச்சும் ஒன்னையப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கேனா?"

என் சிரிப்பு நின்றுவிட்டது. ராசா என்பாள், பெரியவனே என்பாள். என் பெயரை அம்மாவின் குரலில் நான் கேட்டதே இல்லை. அது எனக்கு உறைத்ததுகூட இல்லை.

"இப்பவாச்சும் ஒரு தடவ சொல்லும்மா."

வாயைத் திறந்தவள், முந்தானையால் மூடிக்கொண்டாள். "போலே, கூச்சமா இருக்கு."

பிறகு கட்டிலில் கிடந்த என் மனைவியிடம், "ஒனக்குப் பிடிச்ச பேரைச் சொல்லு தாயி" என்றாள்.

"கோதை, அத்தே."

சாயங்காலம்வரை அம்மா, தூங்குகிற குழந்தையைக் "கோதே, கோதே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குச் சேர வேண்டியதையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறாள் என்று பட்டது. பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.