கடைசித் துண்டு

ஆறு வயது மகள் விளையாடுவதற்காகத் துணி சோப்பை வெட்டி, ஒன்றோடொன்று பொருந்தும் ஐந்து துண்டுகளாகச் செதுக்கினேன். சரியாகச் சேர்த்தால் ஒரு வீடு வரும். சோப்பு வாசனை கையில் ஏறியதும், வில்லியனூரில் அப்பாவின் மளிகைக் கடைக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. கடையிலிருந்து ஒரு பார் சோப்பை எடுத்து இதே மாதிரி வெட்டியிருந்தேன். கடைசித் துண்டு மட்டும் உட்காரவில்லை. காலையிலிருந்து திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா சாப்பிட வந்துவிட்டார்.

"இன்னாடி இது, விக்கிற சோப்ப வெட்டி வெச்சிருக்க?"

"புள்ள இன்னாமோ வூடு கட்டுது, வுடுங்க" என்றாள் அம்மா.

அடி விழும் என்று முதுகைக் குறுக்கினேன். அப்பா குனிந்து, துண்டைப் பிடுங்கி, ஒரே நொடியில் பொருத்திவிட்டார்.

"அவ்ளோதான்டி!"

நான் ஓவென்று அழுதேன்.

"அதான் அடிக்கலியே, இன்னாத்துக்கு அழுவுற?" என்று அம்மா சிரித்தாள். நானே கண்டுபிடித்திருப்பேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இங்கே என் மகளும் கடைசித் துண்டோடு திணறிக்கொண்டிருந்தாள். ரொம்பக் கடினமாகச் செதுக்கிவிட்டேனோ? அவள் உதடு பிதுங்கியது. என் கை தானாக நீண்டது.

"அம்மா வெச்சுக் காட்டட்டுமா?"

"வேணாம். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தமும் வராதபோதும் திரும்பாமல், இரண்டு கையையும் மடிக்குள் இறுக்கி வைத்துக்கொண்டேன்.