தீப்பெட்டியும் தேன்பெட்டியும்

என் வீட்டுக்காரருக்குக் காட்டுக்குத் தீ வைக்கிற வேலை. அதற்கு அரசாங்கம் சம்பளமும் கொடுக்கிறது! தெருவில் அவர் பெயர் தீப்பெட்டி. ஆனால் வீட்டு அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னால் மட்டும் காது கேட்காது.

கோடை வருவதற்கு முன்பே வனத்துறை ஆட்கள் மலைச்சரிவில் கிடக்கும் சருகையும் காய்ந்த புல்லையும் பகுதி பகுதியாக எரித்துவிடுவார்கள். எரிக்கிற அன்று காலை இவர் ஒரு சருகை எடுத்து மடித்துப் பார்ப்பார். வளைந்தால் தீ பிடிக்காது. மாவாக நொறுங்கினால் தீ கைமீறிப் போய்விடும். சடக்கென்று ஒடிந்தால்தான் வேலை. பழக்கதோஷம், கொடியில் காயும் துண்டைக்கூட மடித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்.

இந்த முறை எரிக்க வேண்டியது என் நாத்தனார் வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவு. இவருடைய சொந்த அக்கா. தேன்பெட்டிகள்தான் அந்த மனுஷிக்குப் பிழைப்பு.

"என் தேனீ வாயில மண்ணைப் போடப் பாக்குறியா? பூவெல்லாம் கருகிட்டா அதுங்க எங்கடா போகும்?" என்று குதித்தார் நாத்தனார்.

"அக்கா, இத்தனை வருஷமா ஒரு பொறி விடாம அணைச்சோம். அதுதான் நாங்க செஞ்ச தப்பு. சருகு முழங்கால் வரைக்கும் சேர்ந்துபோச்சு. கோடையில பத்திக்கிட்டா மரத்து உச்சிக்கே ஏறிடும். பெட்டியும் மிஞ்சாது, வீடும் மிஞ்சாது."

"தேனீங்க செத்துச்சுன்னா நீ எனக்குத் தம்பியே இல்ல, சொல்லிட்டேன்!"

புகை படக்கூடாதென்று பெட்டிகளை எங்கள் கொல்லைக்குக் கொண்டுவந்தார்கள். வந்த மறுநாளே ஒரு தேனீ என் மூக்கில் கொட்டியது. அக்கா தம்பி சண்டையில் வீங்கியது என் மூக்கு.

சரிவின் மேலிருந்து கொளுத்தினார்கள். கீழே வைத்தால் தீ ஓடி ஏறும். மேலே வைத்தால் மெல்ல இறங்கும். பறவைக் கூடு இருந்த புதர்களைச் சுற்றிச் சருகை வழித்துவிட்டு, அவற்றை மட்டும் விட்டுவைத்தார் இவர். மறுநாள் சாம்பலில் நடந்து, கட்டைகளில் சூடு இருக்கிறதா என்று புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"மொட்டையடிச்சுட்டானே பாவி!" என்று நாத்தனார் அழுதார். தினமும் எங்கள் கொல்லைக்கு வந்து தேனீக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பார். தம்பி முகத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். எனக்கு வந்ததே கோபம்! இவரோ பாதிச் சோற்றில் எழுந்து போய்விடுவார்.

பிறகு நல்ல மழை பெய்தது. நாத்தனார் பெட்டிகளை எடுத்துப்போய், கருகாத பக்கமாகப் பார்த்து வைத்தார். தேனீக்களோ அந்தப் பச்சையைச் சீண்டக்கூட இல்லை. அவர் தலைக்கு மேலாகப் பறந்து எரிந்த சரிவுக்கே போயின. பின்னாலேயே போய்ப் பார்த்தால், கரிமண் முழுக்க மஞ்சளும் ஊதாவுமாகப் பூ! சருகுக்கு அடியில் வெயில் காணாமல் கிடந்த விதையெல்லாம் முளைத்திருந்தது. மரங்களின் அடிப்பட்டைதான் கருத்திருந்தது. தலை பச்சையாகவே இருந்தது.

அன்று மதியம் இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாத்தனார் விறுவிறுவென்று உள்ளே வந்து, ஒரு துண்டு தேனடையைத் தட்டில் வைத்தார்.

"ஏன்டா தம்பி, அந்தப் பக்கச் சரிவு அப்படியே கிடக்கே. அதை எப்படா கொளுத்தப் போற?"

"அடுத்த வருஷம் பாக்கலாம்க்கா. எல்லாத்தையும் ஒரே நேரத்துல எரிக்கக் கூடாது."

"சோம்பேறி!" என்று திட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

இவர் தேனடையை வாயில் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தார். என்னவென்று கேட்டேன்.

"புகை" என்றார்.

அடுப்பை அணைத்து வெகுநேரமாகியிருந்தது.