எல்லாரும் மஸ்டரில் இருக்கிறார்கள்

மஸ்டர் என்ற சொல்லை அஞ்சலை மைசூர் அக்ரஹாரத்துத் தெருமுனையில்தான் கற்றுக்கொண்டாள். மேட்டூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, தெருக்கூட்டும் வேலையில் சேர்ந்த புதிது. விடியும் முன்னே விளக்குமாற்றோடு வரிசையில் நிற்க வேண்டும். மேஸ்திரி கெம்பையன் பேர் சொல்லிக் கூப்பிடுவார். "இத்தீனி" என்று கன்னடத்தில் குரல் கொடுத்தால் ஆள் வந்தாயிற்று என்று அர்த்தம். அது மாநகராட்சிக்காரர்களின் சொல் என்றே வெகுகாலம் நினைத்திருந்தாள்.

மகன் ஹேமந்த் கப்பல் வேலைக்குப் பயிற்சி முடித்து வந்தபோது அதைக் கேட்டுச் சிரித்தான்.

"கப்பல்லயும் மஸ்டர் உண்டும்மா. மணி அடிச்சா போட்டது போட்டபடி ஓடிப்போய், சொன்ன எடத்துல நிக்கணும். தலையை எண்ணுவாங்க."

"அங்கயும் கூட்டணுமா?"

"அய்யோ! லத்தீன்ல அதுக்குக் காட்டுறதுன்னு அர்த்தமாம், வாத்தியார் சொன்னார். மொதல்ல பட்டாளத்துல சிப்பாயைக் காட்டச் சொன்னாங்க. அப்புறம் கப்பலுக்குப் போச்சு. வெள்ளைக்காரன் அதைக் கொண்டாந்து உன் விளக்குமாத்துல கட்டிட்டுப் போயிட்டான். பூதத்தை மான்ஸ்டர்ங்கறாங்கல்ல, அதுவும் இதுக்குப் பங்காளிதான்."

"கடலுக்குப் போறவன் பூதத்தை ஏன்டா இழுக்கற?" என்று அவன் வாயைப் பொத்தினாள்.

அவன் கப்பலேறிய பிறகு ஒரு வியாழக்கிழமை, வேலை முடிந்து டீக்கடை வாசலில் உட்கார்ந்திருக்கும்போது அவனைக் கப்பலில் சேர்த்துவிட்ட மங்களூர் ஏஜென்ட் போன் செய்தார். "கப்பல்ல சின்ன ஃபயர்ம்மா, இன்ஜின் ரூம்ல. அணைச்சாச்சு. மஸ்டர் எடுத்தாச்சு, எல்லாரும் இருக்காங்க. பயப்படாதீங்க."

மஸ்டரில் எல்லாரும் இருக்கிறார்கள் என்றதைக் கேட்ட பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. ஹேமந்துக்கு வேலையே இன்ஜின் ரூமில்தான், எண்ணெய் துடைப்பது.

மஸ்டரில் எல்லாரும் இருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியாதா? இப்போதுதான் செல்போனில் முகத்தைக் காட்டச் சொல்கிறார்கள். அதற்கு முன்பெல்லாம் ஒருத்திக்குப் பஸ் தவறினால் இன்னொருத்தி தலையைக் குனிந்துகொண்டு "இத்தீனி" என்பாள். எல்லாரும் செய்ததுதான். ஒருநாள் பாக்கியலட்சுமிக்காக அஞ்சலை குரல் கொடுத்தாள். அந்த நேரத்தில் பாக்கியலட்சுமி மார்க்கெட் பின்புறச் சாக்கடை ஓரத்தில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாள். பேர் இருந்ததால் யாரும் தேடவில்லை. வெயில் ஏறிய பிறகு ஒரு பூக்காரர் பார்த்து ஆள் கூப்பிட்டார்.

அதே பாக்கியலட்சுமி, இன்றும் ஒரு காலை இழுத்து நடப்பவள், பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஆற்றினாள். "போன் பண்ணவன் பொய்யா சொல்வான்?"

"நான் சொல்லலியா, அன்னிக்கு உனக்காக?"

பாக்கியலட்சுமி டீயைக் கீழே வைத்துவிட்டு இடுப்பை நீவிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது போன் சிணுங்கியது. ஹேமந்த் நம்பர். பக்கத்து வீட்டு அஷ்வினிதான் எப்போதும் படித்துச் சொல்வாள். தீ விபத்தைக் கேட்டதிலிருந்து, ஹேமந்த் மெசேஜ் அனுப்புவான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "அத்தை, மெசேஜ் வந்திடுச்சு! நான் சொன்னேன்ல!" என்று போனைப் பிடுங்கினாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"என்னடி?"

"இது தமிழ் எழுத்து அத்தை. எனக்கு ஓதக்கே பரல்ல, படிக்கத் தெரியாது."

அஷ்வினியும் ஹேமந்தும் ஒரே கன்னடப் பள்ளிக்கூடம். வீட்டில் பேசுவதுதான் தமிழ். அதையும் கன்னட எழுத்தில்தான் எழுதி அனுப்புவான். அவனுக்கு அனா ஆவன்னா தெரியாது.

அஞ்சலை போனை வாங்கினாள். மூன்றாம் வகுப்பில் விட்ட எழுத்துகள். ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கூட்டினாள். நான். நல்லா. இருக்கேன். அம்மா.

யாரோ ஒருவன் அவனுக்காகக் குரல் கொடுத்திருக்கிறான்.

கூப்பிட்டாள். மணி அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். யாரோ துண்டித்தார்கள். அஷ்வினி குரல் பதியும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"யாரு கண்ணு நீ? நல்லது நெனச்சுத்தான் எழுதியிருப்ப. நானும் அப்படிச் சொல்லியிருக்கேன், எனக்குத் தெரியும். ஆனா எம் பையனை எனக்குக் காட்டு. எப்படி இருந்தாலும் காட்டு."

பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்ததற்கு அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. யாரோ கேட்டுவிட்டார்கள்; போனில் டிக் குறிகள் நீலமாயின. "எழுதறாங்க அத்தை," என்றாள் அஷ்வினி. பிறகு, "நிறுத்திட்டாங்க." மறுபடி எழுதுவதும் நிறுத்துவதுமாக இருந்தார்கள். எழுத இவ்வளவு யோசிக்க வேண்டிய சேதி எதுவாக இருக்கும்? பங்காளி என்று அவன் சொன்ன பூதம் நினைவுக்கு வந்தது.

வீடியோ கால் வந்தது. தெரியாத முகம்.

"அம்மா, நான் பழனி. கூட வேலை பாக்கறேன். அவந்தான் காட்டாதே, அம்மா பயந்துரும்னான்…"

படம் ஆடித் திரும்பியது. கட்டிலில் ஹேமந்த். புருவம் இல்லை. முகம் தோலுரித்த கிழங்கைப் போலப் பளபளத்தது. இரண்டு கையும் முழங்கை வரை வெள்ளைத் துணி.

அஞ்சலை அழவில்லை. மேஸ்திரி கூப்பிடுவது போலக் கூப்பிட்டாள்.

"ஹேமந்த்!"

"இத்தீனிம்மா."

அவன் குரல்தான்.

"விரலை ஆட்டு."

"கட்டுப் போட்டிருக்கும்மா. கரைக்குப் போனதும் டாக்டர்…"

"ஆட்டுடா."

துணிக்குள் என்னவோ அசைந்தது. விரலா, கப்பலின் ஆட்டமா, தெரியவில்லை. அஞ்சலை போனைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"இன்னொரு தரம்," என்றாள்.