ஆராய்ச்சிக்குப் போன வழக்கு

இஸ்லாமியச் சட்டம் இந்தக் காலத்துச் சமூகத்தில் எப்படி நடக்கிறது என்று ஆராயப் புறப்படுகிறவனுக்குப் படிப்பைவிட நல்ல செருப்புத்தான் முதலில் தேவை. எண்பதுகளில் பட்டப்பின் படிப்புக்காக முல்லைத்தீவுப் பக்கம் நடந்து தேய்ந்தவன் நான். வினாக்கொத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்தவர்களே, என் பாடு உங்களுக்கு விளங்கும்.

பதினோராவது கேள்வி

முஸ்லிம்களின் குடும்ப வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்துக்கு விவாகரத்துக் கேட்டு வந்தவர் சபியா. புருஷன் அடித்ததில் இடது காது கேட்காமல் போனவர். "திருமணப் பதிவில் கையொப்பமிட்டீர்களா?" என்ற பதினோராவது கேள்வியை அவருக்கு உரக்க வாசித்தேன். மணமகளுக்காகத் தகப்பன் ஒப்பமிடுவதுதான் வழக்கம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன், கட்டம் காலியாக இருக்கக்கூடாதே.

"நான் குசினிக்குள்ள அடுப்படியில இருந்தனான் தம்பி. வாப்பா ஒப்பம் வைச்சவர். சாப்பாட்டுச் சஹன் தட்டு உள்ளுக்கு வந்தாப் பிறகுதான் கலியாணம் முடிஞ்சதெண்டு தெரியும்."

ஒரே வரிசை

தீர்ப்புச் சொல்லும் காதியார் அரிசி ஆலைக்காரர். சனிக்கிழமைகளில் அவர் வீட்டு விறாந்தைதான் நீதிமன்றம். அடித்ததைப் பார்த்த இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றார். கதவைச் சாத்திவிட்டு அடிப்பவனுக்குச் சாட்சிக்கு எங்கே போவது? காதைப் பார்த்த டாக்டரின் கடிதம் போதாதா என்று நாலு புத்தகங்களின் பெயரைச் சொல்லி வாதாடினேன். பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"நீங்கள் சொல்லுறது சரி தம்பி. ஆனா நாளைக்கும் பள்ளிவாசல்ல நான் அந்தப் புருஷன்ர தகப்பனுக்குப் பக்கத்தில நிண்டெல்லோ தொழவேணும்."

கோப்பு

சபியா எப்படியோ இரண்டு சாட்சிகளைப் பிடித்துவிட்டார். ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர். சவூதிக்குப் போக விசா வந்திருந்தது. சனிக்கிழமை சாட்சி சொல்லிவிட்டுப் புறப்படுவதாக இருந்தார். அந்த வாரம்தான் நான் காதியாரைக் கெஞ்சி, இருந்த ஒரே கோப்பைப் பிரதி எடுக்க வவுனியாவுக்குக் கொண்டுபோனேன். வெள்ளிக்கிழமை திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். வழியில் எங்கோ குண்டு வெடித்து, பத்து நாட்களுக்கு பஸ் இல்லை. கோப்பு இல்லாமல் விசாரிக்க முடியாதென்று வழக்கைத் தள்ளிவைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் விமானம் ஏறிவிட்டார்.

பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்த கோப்பை விறாந்தை மேசையில் வைத்தேன். சபியா கேட்கிற காதை என் பக்கம் திருப்பினார். பிறகு கேட்டார்.

"என்ர வழக்கை வாசிச்சு முடிச்சிட்டீங்களோ தம்பி? முடிவில எனக்கு விடுதலை கிடைச்சிருக்கோ?"

என் ஆய்வேட்டுக்கு முதல்தரத் தேர்ச்சி கிடைத்தது. அதில் வழக்குகள் தாமதமாவதற்கு ஏழு காரணங்கள் எழுதியிருந்தேன், என் பெயர் மட்டும் அதில் இல்லை.